பதினெட்டு பீட்சா போளி

நான் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது அம்மிணி. என் மகள் எப்போதும் சொல்வாள், "அம்மா, நீ ஒண்ணு சொன்னா கடைசி முன்னால வந்துரும், முன்னாலது வராமயே போயிரும்" என்று. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வரிசையாகப் பேச வராது. நீங்கள் தாராபுரம் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். மகள் வீட்டுக்கு. பல்லடம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

உங்கள் பையில் ஆஸ்பத்திரி பேர் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் ஜன்னலோரம் காலியாக இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஆனால் கேள்வியை மட்டும் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். பதினேழு வருஷமாக வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். எந்த வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பிடி பருப்பு என் பையில் வந்தது கிடையாது. மீந்ததைக்கூட அவர்களாகக் கொடுத்தால்தான் எடுப்பேன். அடுத்த வீட்டுப் பொருளைத் தொட்டவள் என்று என்னை எவரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூரில் அடுக்குமாடி வீடு. நாலாவது மாடி. மூன்றே பேர். கவின் தம்பி கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் காதில் மாட்டிக்கொண்டால் மதியம்தான் வெளியே வருவார். அவர் சம்சாரம் மிருதுளா, ஆபீசுக்குப் போகிற பெண். மூன்றாவது ஆள் தம்பியின் அப்பா, நாச்சிமுத்து ஐயா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தடத்தில்கூட ஓடியிருக்கிறாராம். சம்சாரம் போய் நாலு வருஷம் ஆகிறது.

ஐயாவுக்குக் கிட்னியில் கோளாறு. பாதி போய்விட்டது, மீதியைக் காப்பாற்றினால் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் போடவேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவருக்குத் தனிச் சமையல். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்கவேண்டும். உப்பு ஒரு சிட்டிகை. பருப்பு கிடையாது. குடிக்கிற தண்ணீரும் அளந்துதான். அந்தக் காயைத் தட்டில் வைத்தால் ஐயா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பார், "ஏனம்மிணி, இது சோறா, இல்ல ஏதாச்சும் வேண்டுதலா?"

சிரித்துச் சிரித்துத்தான் பேசுவார். ஆனால் முக்கால்வாசி தட்டு அப்படியே திரும்பி வரும். சமைத்தவளுக்கு அதைக் கழுவும்போது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் கவின் தம்பி கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். ஒரு வெள்ளைக்காரப் பையன் ஏதோ சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதைப் பழகிக்குங்க. பீட்சா ராப். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு செஞ்சு ஃபிரீசர்ல வெச்சுட்டா வாரம் பூரா எனக்கு ஓடிரும். மதியம் ஒண்ணு, ஜிம் போய்ட்டு வந்து ஒண்ணு. ஒண்ணொண்ணுலயும் முப்பது கிராம் புரோட்டீன் இருக்கணும்."

"புரோட்டீன்னா என்னங் தம்பி?"

"சத்துக்கா. உடம்புக்குச் சத்து."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சத்து என்று அந்தத் தம்பிதான் சொன்னார். நானாகச் சொல்லவில்லை.

பழகிக்கொண்டேன். கோதுமை மாவில் பாதிக்குப் பாதி சோயா மாவு. முட்டை வெள்ளை, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், இதில் பிசையவேண்டும். சோயா மாவு சொன்னபடி கேட்காது. நீளமாக வராமல் ஓரத்தில் பிளக்கும். மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் அரை வேக்காடு போட்டு எடுத்து வைத்துக்கொள்வேன். ஒன்றரைக் கிலோ தக்காளியைப் பூண்டோடு சுண்டக் காய்ச்சினால் ஒரு கிண்ணம் வரும். அதில் காய்ந்த இலை ஒன்று தூவவேண்டும், ஓமவல்லி மாதிரி மணக்கும். அதைத் தடவி, கொத்தின கோழிக்கறி, உதிர்த்த பன்னீர், குடைமிளகாய், மேலே சீஸ். இரண்டு பக்கமும் மடித்து உருட்டி, மறுபடி கல்லில் போட்டு ஒட்டவைக்கவேண்டும். ஆறின பிறகு வெண்ணெய்த்தாளில் சுற்றி, காகிதப் பட்டை ஒட்டி, அதில் கிழமையின் முதல் எழுத்தை எழுதுவேன். ‘தி’ இரண்டு, ‘செ’ இரண்டு, சனிக்கிழமை வரைக்கும். தராசில் ஒவ்வொன்றும் இருநூற்று நாற்பது கிராம் காட்டவேண்டும். ஆறாவது படித்தவள் செய்கிற வேலையா இது? செய்தேன். நாலாவது ஞாயிறுக்கெல்லாம் கடையில் சுற்றினது மாதிரி வந்தது.

ஆனால் பாருங்கள், கவின் தம்பி அதைச் சூடு பண்ணிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தின்பார். நல்லா இருக்கிறது, இல்லை, ஒரு வார்த்தை? "ஓகேக்கா" என்பார். ஒரு நாள் சாஸில் பூண்டு கருகிவிட்டது. அன்றைக்கும் "ஓகேக்கா".

முதல் தடவை எப்படி நடந்தது என்றால், கிழிந்துபோனது. அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டில் ஒன்று கல்லிலேயே கிழிந்து சீஸ் வெளியே ஓடிவிட்டது. கிழிந்ததை ஃபிரீசரில் வைக்க முடியாது. வாசம் வீடு முழுக்க. புருஷனும் பொண்டாட்டியும் வெளியே போயிருந்தார்கள். ஐயா சமையலறை வாசலில் வந்து நின்றார். கேட்கவில்லை. வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். பசித்த மனுஷன் நிற்கிற மாதிரி வேறு யாராலும் நிற்க முடியாது அம்மிணி.

"ஏனுங்க ஐயா, ரவ்வோண்டு தரட்டுங்களா? கிழிஞ்சதுதானுங்க."

"கிழிஞ்ச நோட்டையே நான் வாங்கியிருக்கறேன். குடு."

கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றார். விரலை நக்கினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "முப்பத்திரண்டு வருசம் சர்வீஸ். ஈரோட்டுல இருந்து பழனி வரைக்கும் பஸ் நிக்கற எல்லா ஓட்டல்லயும் தின்னிருக்கறேன். இப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல கமலவேணி. இது ராப்பும் இல்ல, கோப்பும் இல்ல. பீட்சா போளி."

என் பேரை முழுசாகச் சொன்னார். அந்த வீட்டில் அதுவரை நான் "அக்கா"தான்.

அடுத்த ஞாயிறும் ஒன்று கிழிந்தது. அதற்கடுத்த ஞாயிறு இரண்டு கிழிந்தன. சோயா மாவு அப்படித்தான், சொன்னேனே. மாவில் ஈரம் கொஞ்சம் கூடினால் போதும்.

அதன்பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார். காலை பதினொரு மணிக்கு. தம்பி அறைக்குள்ளே, மிருதுளா ஆபீசில். ஐயா ஹாலில் இருந்தபடி குரல் கொடுப்பார், "கண்டக்டர்! ஒரு டிக்கெட்!" என்னைத்தான் கண்டக்டர் என்று கூப்பிடுவது. நான் சிரித்துக்கொண்டே, "சில்லறை இருக்குதுங்களா?" என்பேன். "பாஸ் வெச்சிருக்கறேன்" என்பார். இப்படி ஒரு விளையாட்டு. ஒரு வீட்டில் ஒருத்தர் சிரிப்பதற்கு நான் காரணமாக இருந்தேன். அது தப்பா?

ஆனால் தினமும் ஒன்று என்றால் பன்னிரண்டில் எப்படி எடுப்பது? தம்பியுடையதை எடுக்க எனக்கு மனசு வராது. அடுத்தவர் பொருள். அதனால் அதே மாவில், அதே பூரணத்தில் பதினாலாகப் பிடித்தேன். தராசு சும்மா இருக்குமா? புதன்கிழமை தம்பி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"அக்கா, இது இருநூத்தஞ்சுதான் இருக்கு. என்ர புரோட்டீன் எங்க போச்சு?"

"ஃபிரீசர்ல வெச்சா சுருங்குமாட்ட இருக்குதுங் தம்பி."

அவர் யோசித்தார். படித்தவர்கள் எதையும் யோசித்துவிட்டுத்தான் நம்புவார்கள். அடுத்த வாரம் பன்னீர் ஒன்றரைப் பங்கு வாங்கிவந்தார். கோழியும் அப்படியே. அது போதாதென்று ஒரு பெரிய டப்பாவில் மாவு. "இதுல நாலு கரண்டி பிசையறப்பவே போட்டுருங்கக்கா, சுருங்கினாலும் பரவால்ல." முழுக்க முழுக்க சத்தாம் அது. நான் சொன்னபடி போட்டேன். அந்த வாரத்திலிருந்து பதினெட்டு வந்தது. இருநூற்று நாற்பதுக்கு ஒரு கிராம் குறையவில்லை. தம்பிக்குச் சந்தோஷம். பன்னிரண்டில் எழுத்து எழுதி மேல்தட்டில் வைப்பேன். ஆறில் பட்டை மட்டும் ஒட்டி எழுத்து போடாமல் கீழ் அறையில், பட்டாணிப் பைக்குப் பின்னால் வைப்பேன். ஒளித்துவைக்கவில்லை. இடம் அங்கேதான் இருந்தது.

அப்படியே மூன்று மாதம்.

ஐயா தேறினார் அம்மிணி! சத்தியமாகச் சொல்கிறேன். தை மாதம் எலும்பும் தோலுமாக இருந்த மனுஷன், வைகாசியில் கன்னம் பூரித்து, முகம் பளபளவென்று ஆகிவிட்டது. கால்கூடச் சதை பிடித்துவிட்டது, செருப்பு நுழையவில்லை. மிருதுளாவே ஒரு நாள் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு முகம் தெளிஞ்சிருக்கில்லக்கா?" என்றாள். மனதுக்குள் எனக்கு அவ்வளவு பெருமை. சத்து என்றால் சத்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் உங்கள் முகம் அப்படிப் போகிறது? வீக்கமா? அதை இப்போது சொல்கிறீர்கள். அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் கிரியாட்டினின் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, மூன்றுக்குள் இருந்தது ஆறைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை! தம்பி சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. "நீ என்னதான் பார்த்துக்கறே? அப்பா என்ன திங்கறாருன்னுகூட உனக்குத் தெரியாதா?" என்று பொண்டாட்டியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, உப்பு ஏதாச்சும் ஜாஸ்தி விழுகுதா?"

"இல்லீங் அம்மிணி. சிட்டிகைதானுங்க."

"காய்த் தண்ணியக் கொட்டறீங்களா?"

"ஒரு சொட்டு விடாமக் கொட்டறனுங்க."

பொய்யில்லை. அந்த வாரம் உப்பே போடவில்லை. ஐயா தொடவே இல்லை. பதினொரு மணி டிக்கெட்டில்தான் அவர் உயிர் இருந்தது. நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தினேன். ஒரு நாள். செவ்வாய்க்கிழமை. அவர் ஹாலில் இருந்து மூன்று தடவை கூப்பிட்டார். நான் குழாயைத் திறந்துவிட்டுக் காது கேட்காத மாதிரி நின்றேன். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் மனைவி படத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "பஸ் நிக்காமப் போயிருச்சு ராஜேஸ்வரி" என்கிறார். கல் நெஞ்சமா எனக்கு? புதன்கிழமையிலிருந்து மறுபடி கொடுத்தேன்.

மிருதுளா என்ன பண்ணினாள் தெரியுமா? ஐயா யாரோ வைத்தியரிடம் ஒரு லேகியம் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார், மூட்டு வலிக்கு. அதனால்தான் என்று முடிவு கட்டி அந்தப் பாட்டிலைக் குப்பையில் எறிந்தாள். டாக்டரிடமும் லேகியம் என்றே சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் நிம்மதியாகப் போய்விட்டது. எனக்கும்தான். லேகியத்தில் என்னென்ன கலக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? நீங்கள் சொல்லுங்கள், லேகியத்தாலும் ஆகும்தானே?

சரி, சரி. சொல்லி முடித்துவிடுகிறேன்.

இந்தப் புதன்கிழமை காலையில் நான் உள்ளே நுழையும்போது ஐயாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. போய்ச் சேர்ந்ததும் மெஷினில் போட்டுவிட்டார்கள். எதற்காக அவ்வளவு காலம் தண்ணீரைக்கூட அளந்து குடித்தாரோ, அது நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கழுத்தில் குழாய் சொருகியிருந்தது. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி, உங்கள் வயசுதான் இருக்கும், ஏட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோ வேகமா ஏறக்கூடாது. வீட்ல வேற ஏதாவது சாப்பிடறாரா? கறி, முட்டை, பன்னீர், புரோட்டீன் பவுடர் மாதிரி? தெரிஞ்சாத்தான் நான் என்ன பண்றதுன்னு முடிவு பண்ண முடியும். நிறுத்தினா கிட்னி கொஞ்சம் திரும்பி வரக்கூட வாய்ப்பிருக்கு."

மிருதுளா என்னைப் பார்த்தாள். தம்பியும் என்னைப் பார்த்தார். சமைக்கிறவள் நான்தானே. "கஞ்சியும் காயுந்தானுங்க" என்றேன்.

ஐயா கண்ணைத் திறந்தார். "அது சொல்றது நெசம்" என்றார். "என்ர வாய்க்கு அந்தக் காயத் தவிர எதுவும் காட்டல. ஜெயிலருங்க அது."

டாக்டரம்மா எழுதிக்கொண்டு போய்விட்டாள். என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் வெளியே போன பிறகு, கையைப் பிடித்து அருகே இழுத்தார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"திங்கக்கிழமை வீட்டுக்கு விட்டுருவாங்களாம். ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சுரு."

அந்த இடத்தில்தான் அம்மிணி எனக்குப் பயம் பிடித்தது. அவர் என்னைக் காப்பாற்றவில்லை, தன் பதினொரு மணியைக் காப்பாற்றிக்கொண்டார். நான் அந்த வீட்டில் இருந்தால் கொடுத்துவிடுவேன். அவர் கேட்பார், நான் கொடுப்பேன். என் கையை எனக்குத் தெரியும்.

அதோடு போயிருந்தால்கூட இருந்திருப்பேனோ என்னவோ. நேற்றைக்கு மிருதுளா ஐஸ் எடுக்கக் கீழ் அறையை இழுத்தாள். பட்டாணிப் பை சரிந்தது. அந்த வாரத்துப் போளியில் நாலு பாக்கி. ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, இதுல எழுத்தே இல்லையே. இது யாருக்கு?"

"கிழிஞ்சதுங்க அம்மிணி. சும்மா வெச்சிருந்தேன்."

அவள் வெண்ணெய்த்தாளைப் பிரித்தாள். கிழியவில்லை. கிழிந்ததே கிடையாது, என் கைக்கு மாவு எப்போதோ பழகிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அப்புறம் என்னை. மறுபடி சுற்றி உள்ளேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். பேசாமல் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதே. போலீசுக்குப் போவார்களா? சமையல்காரி விஷம் வைத்தாள் என்று பேப்பரில் போடுவார்களா? என் மகள் ஏழு மாதம்.

சாயங்காலமே சொல்லிவிட்டேன், மகளுக்கு வலி வந்துவிட்டது, போகவேண்டும் என்று. அதுதான் பொய். அதுவும் வயிற்றுப் பிள்ளையின் மேல் சொன்ன பொய். ராத்திரி முழுக்க அதுவேதான் உறுத்தியது. மிருதுளா, "போய்ட்டு வாங்கக்கா" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து புது ஆள் வருகிறாள் என்றும் சொன்னாள். அவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டாள் பாருங்கள்.

போவதற்கு முன் அந்த நாலு பட்டையிலும் எழுத்து எழுதி மேல்தட்டில் வைத்துவிட்டேன். ‘தி’ இரண்டு, ‘செ’ இரண்டு. அது தம்பியுடையது, தம்பிக்கே போய்ச் சேரட்டும்.

இதுதான் அம்மிணி நடந்தது. இப்போது கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு போளி. அதனால் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு ஆகுமா? ஏற்கெனவே பாதி போனதுதானே?

நீங்களும் மிருதுளா மாதிரியே பார்க்கிறீர்கள்.

டாக்டரம்மாவுக்கா? எப்படிச் சொல்வது? போன் இருக்கிறது, நம்பரும் இருக்கிறது. காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் மிருதுளாதான் கூப்பிட்டாள். "அக்கா, ஃபிரிட்ஜ்ல இருந்த தாளைப் பாத்தீங்களா? நாளைக்கு வர்ற புது அக்காவுக்குக் காட்டணும், காணோம்" என்றாள். "நான் பாக்கலீங்களே அம்மிணி" என்று வைத்துவிட்டு அணைத்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்நேரம் தக்காளி கொதித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

எந்தத் தாளா? அதைச் சொல்லவில்லையா? பாருங்கள், மகள் சொன்னது சரிதான். முன்னால் வரவேண்டியது கடைசியில் வருகிறது.

ஐயாவுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியல். இங்கிலீஷில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் மிருதுளா ராத்திரி உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினாள், எனக்காக. மேலே ‘கமலவேணி அக்காவுக்கு’ என்று போட்டிருக்கிறாள். அப்போது ஒவ்வொன்றாக வாசித்தும் காட்டினாள், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேலைக்கு நடுவே எல்லாம் காதில் நிற்குமா? பன்னீர், சீஸ், சோயா, முட்டை, கறி, தக்காளி, இதற்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு. முதல் வாரம் நானே பென்சிலால் பக்கத்தில் டிக் போட்டு வைத்திருந்தேன், மறந்துபோகக் கூடாது என்று. அழித்துப் பார்த்தேன். அழிந்தாலும் தடம் தெரிகிறது.

அந்தத் தாள் அங்கே இருக்கிற வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது. அதனால்தான் எடுத்தேன். வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். புதிதாக வருகிறவளுக்குக் கண் இருக்கிறது, பார்த்துச் சமைக்கட்டும். ஐயா அவளைக் கண்டக்டர் என்று கூப்பிட்டால் அவள் பாடு, அவர் பாடு.

இதோ, என் பையில்தான் இருக்கிறது. நாலாக மடித்து, சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பல்லடம் வந்தால் எங்காவது கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

தாளை மட்டும்தான் எடுத்தேன். அதைப் பிடித்திருந்த காந்தம் ஒன்று, பீட்சா துண்டு மாதிரி இருக்கும், அழகாக இருக்கும். அதைத் திரும்ப ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த வீட்டுப் பொருளை நான் தொடமாட்டேன் அம்மிணி.